விளிம்பில் இருந்த பெயர்

சரித்திர நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. அத்தியாயம் தொய்கிறது என்று தோன்றினால் கதாநாயகனை வாளை உருவச் செய்துவிடலாம். வாசகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். என் கதாநாயகர்கள் இதுவரை உருவிய வாள்களை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு சிறு ராஜ்யத்தையே பிடித்துவிடலாம். ஆனால் அவர்களை உருவச் செய்த நானோ, வெகு காலம் வரை ஒரு நிஜ வாளைக் கையில் தூக்கிப் பார்த்தவனில்லை. ஒரு கூட்டத்தில் வாசகர் ஒருவர் எழுந்து, "உங்கள் தளபதி நாற்பது காதம் இடுப்பில் கட்டிக்கொண்டு போகிறாரே, அந்த வாளின் எடை எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. சமாளித்துப் பேசிவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிட்டேன்.

அன்றைய வெட்கந்தான் என்னைப் பழைய ஆயுதங்களையும் போர்ப் பதக்கங்களையும் தேடிப் போகும் பைத்தியமாக ஆக்கியது. பழைய சாமான் கடை, காயலான் கடை, அடகுக் கடை, அருங்காட்சியகம் என்று ஏறி இறங்காத படியில்லை. அப்படி அலைந்ததில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான பாடத்தை எந்தக் கடையிலும் கற்கவில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில், பேத்திக்குக் கொலுசு வாங்கப் போன இடத்தில் கற்றேன்.

செவ்வாய்க்கிழமைச் சந்தை கூடியதால் செவ்வாய்ப்பேட்டை என்று பேர் வந்ததாகச் சொல்வார்கள். லீ பஜாரில் தானிய மூட்டைகளும் வெல்ல மண்டிகளும் ஒரு பக்கம். அதைத் தாண்டிச் சந்துகளுக்குள் நுழைந்துவிட்டால் வேறு உலகம். வீட்டுக்கு வீடு வெள்ளிப் பட்டறை. ஒரு வாசலில் கம்பி இழுக்கிறார்கள். அடுத்த வாசலில் சலங்கை முத்துக்களைப் பற்றவைக்கிறார்கள். அதற்கடுத்த வாசலில் பெண்கள் உட்கார்ந்து கண்ணி கோர்க்கிறார்கள். இந்தியாவில் எந்த ஊர்ப் பெண்ணின் காலில் கொலுசு குலுங்கினாலும், அது இந்தச் சந்துகளில் ஒன்றில் பிறந்ததாக இருக்கக்கூடும்.

எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் எழுபதைத் தாண்டிய பெரியவர். நான் போனபோது அவர் பழைய வெள்ளியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அறுந்த கொலுசுகள், நசுங்கிய குங்குமச் சிமிழ், குழந்தைகளின் அரைஞாண்கள், ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாய்கள் எல்லாம் ஒரு தாம்பாளத்தில் குவிந்து கிடந்தன. பக்கத்தில் உலை சிவந்துகொண்டிருந்தது, மூசை காத்திருந்தது. அந்தக் குவியலில் ரூபாயைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு வட்டம் தெரிந்தது. எடுத்துப் பார்த்தேன்.

"அதுங்களா? பழைய வெள்ளியோட வந்துச்சுங்க. நல்ல வெள்ளி. ரூபாயைவிட மாத்து ஒரு பொட்டு ஒசத்தி" என்றார் பெரியவர்.

உரைத்துப் பார்க்காமலே அவர் சொன்னது சரி. பழைய ரூபாயில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. என் கையிலிருந்ததில் 92.5 பங்கு. குறுக்களவு 36 மில்லிமீட்டர். எடை மூன்று தோலாவுக்குச் சற்றுக் குறைவு. அது 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலக யுத்தத்துக்காகப் பிரிட்டிஷ் சர்க்கார் வழங்கிய யுத்தப் பதக்கம்.

பதக்கத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் பார்ப்பது முகத்தை. இதில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முகம் இருந்தது. சுற்றிலும் லத்தீன் எழுத்தில், அவர் இந்தியாவுக்கும் சக்கரவர்த்தி என்ற விவரம். பின்புறம் திருப்பினால் உடையில்லாத ஒரு வீரன் குதிரைமேல் அமர்ந்து, எதிரியின் கழுகுக் கேடயத்தையும் ஒரு மண்டையோட்டையும் மிதித்து நிற்கிறான். வில்லியம் மக்மில்லன் என்ற சிற்பி வடித்த உருவம் அது. அழகான வேலைதான். ஆனால் இதே முகமும் இதே குதிரையும் வெள்ளியில் மட்டும் சுமார் 65 லட்சம் பதக்கங்களில் இருக்கின்றன. ஆகவே முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. பின்புறத்தைப் பார்த்தும் தெரிந்துகொள்ள முடியாது.

பதக்கத்தை அறிந்தவர்கள் அதைக் கையில் வாங்கியதும் காசைச் சுண்டுவதுபோல் பக்கவாட்டில் நிறுத்திப் பிடிப்பார்கள். விளிம்பைத்தான் படிப்பார்கள். மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த விளிம்பில் முதலில் சிப்பாயின் எண், பிறகு பதவி, பிறகு பெயர், கடைசியில் படைப்பிரிவு என்று பொடி எழுத்துக்களில் வரிசையாக அச்சடித்திருப்பார்கள். முகத்தில் ராஜா, முதுகில் குதிரை, ஒண்டுவதற்கு இடம் கேட்டு ஓரமாக நின்றவனைப் போல விளிம்பில் சிப்பாய்!

பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஒரு பக்கம் அடிபட்டு நசுங்கியிருந்தாலும் எழுத்துக்கள் பிழைத்திருந்தன. எண் இருந்தது. சிப்பாய் என்ற பதவி இருந்தது. பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை; அவருடைய வம்சம் எங்கோ வாழ்ந்துகொண்டிருக்கிறது. தமிழ்ப் பெயர்தான். ஆனால் அதை ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தா, கேட்டதைக் கேட்டபடி எழுதி, நடுவில் ஒரு எழுத்தை முழுங்கியிருந்தார். நம் முனுசாமிகளும் பெருமாள்களும் ராணுவக் காகிதத்தில் பட்ட பாடு அப்படி. பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் ஆள் யார் என்று தெரியும். பெயருக்குப் பின்னால் 63 என்ற இலக்கமும், பாளையங்கோட்டை இலகு காலாட்படை என்பதைக் குறிக்கும் எழுத்துக்களும் இருந்தன.

* * *

சிப்பாயின் பெயர் விளிம்புக்கு வருவதற்கே நெடுங்காலம் பிடித்தது.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு சுல்தான் மாண்டார். அந்த வெற்றிக்காகக் கும்பெனியார் ஒரு பதக்கம் செய்தார்கள். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் அருகே சோஹோ என்ற இடத்திலிருந்த பௌல்டனின் நாணயச்சாலையில் அச்சடித்தார்கள். ஒரு சிங்கம் ஒரு புலியைக் கீழே தள்ளி அமுக்குகிறது. புலி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கொடியில் அரபு எழுத்தில் 'இறைவனின் வெற்றிச் சிங்கம்' என்ற பொருளில் வாசகம். இந்தப் பதக்கம் அந்தஸ்துக்குத் தக்கபடி உலோகம் மாறி வந்தது. உயர்ந்த அதிகாரிகளுக்குத் தங்கம், அடுத்தவர்களுக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளி, அதற்கடுத்தவர்களுக்கு வெள்ளி, பிறகு வெண்கலம். சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். கோட்டை மதில் உடைப்பில் ஏறியவன் மார்பில் ஈயம் பூசும் உலோகம்! யார் பெயரும் அதில் பொறிக்கப்படவில்லை. சேலம் சீமை கும்பெனியார் கைக்கு வந்ததும் இந்த மைசூர் யுத்தங்களால்தான். 1792-ல் திப்பு விட்டுக்கொடுத்த பகுதிகளில் பாராமகாலும் சேலமும் அடக்கம். ஆகவே இந்த ஊரின் கதைக்கும் அந்தப் பதக்கத்துக்கும் உறவு உண்டு.

1815-ல் வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றபோதுதான் பிரிட்டிஷ் சர்க்கார் முதன்முதலாக அதிகாரி, சிப்பாய் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் ஒரே வெள்ளியில் பதக்கம் கொடுத்து, விளிம்பில் அவரவர் பெயரையும் பொறித்தது. அந்த வழக்கம் இந்தியாவுக்கு வர இன்னும் தாமதம். மராட்டிய யுத்தங்களிலும் நேபாள யுத்தத்திலும் முதல் பர்மா யுத்தத்திலும் போரிட்டவர்களுக்கு 1851-ல்தான் 'இந்திய ராணுவப் பதக்கம்' அறிவித்தார்கள். 1803-ல் அஸ்ஸாயிப் போர்க்களத்தில் நின்றவன் நாற்பத்தெட்டு வருஷம் உயிரோடிருந்தால் வாங்கிக்கொள்ளலாம். இறந்தவர் குடும்பத்துக்குக் கிடையாது. மொத்தம் வழங்கப்பட்டவை சுமார் 4,500 தாம்.

முதல் உலக யுத்தத்துக்கு வரும்போது விளிம்பில் பெயர் பொறிப்பது நடைமுறையாகிவிட்டது. ஆனால் உலோக பேதம் முற்றும் போய்விடவில்லை. துப்பாக்கி பிடித்தவனுக்கு வெள்ளி. மண் வெட்டி, மூட்டை தூக்கி, ரயில் பாதை போட்ட இந்திய, சீன, மால்டாத் தொழிலாளர் படைகளுக்கு அதே பதக்கம் வெண்கலத்தில். அப்படிச் செய்த வெண்கலப் பதக்கங்கள் ஏறக்குறைய 1,10,000. அதில் ஒரு வேடிக்கை பாருங்கள். வெள்ளிக்கு விலை உண்டு. ஆகையால் உலைக்குப் போனது. வெண்கலத்தை எவரும் சீந்தவில்லை. ஆகையால் மூலையில் கிடந்து பிழைத்தது. இன்று சேகரிப்பவர்கள் அந்தக் கூலிக்காரரின் வெண்கலத்துக்கு அதிக விலை கொடுக்கிறார்கள்.

* * *

பாளையங்கோட்டைப் படை என்று விளிம்பில் கண்டதும் எனக்குத் தாங்கா நினைவுக்கு வந்தது.

தாங்கா என்பது கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவில் உள்ள துறைமுகம். அன்று ஜெர்மானியர் வசம் இருந்தது. 1914 அக்டோபரில் பம்பாயிலிருந்து சுமார் 8,000 பேர் கொண்ட படை அதைப் பிடிக்கக் கப்பலேறியது. அதில் இந்த 63-ஆவது படையும், இன்னொரு சென்னை ராஜதானிப் படையான 61-ஆவது பயனியர்களும் இருந்தார்கள். கடலில் வாரக்கணக்காக அடைபட்டு, வாந்தியெடுத்து, கால் தள்ளாடி நவம்பர் தொடக்கத்தில் இறங்கினார்கள். எதிரே இருந்தவர்கள் சுமார் ஆயிரம் பேர்தான். ஆனால் தலைமை தாங்கியவர் லெட்டோ-வோர்பெக் என்ற கெட்டிக்காரத் தளபதி. எதிரிகளுக்கு இடம் தெரியும், காடு தெரியும், இயந்திரத் துப்பாக்கி இருந்தது. நவம்பர் 4-ஆம் தேதி சண்டை. அடர்ந்த தோட்டங்களுக்கிடையே அணி சிதறியது. குண்டுச் சத்தத்தில் கலைந்த தேனீக்கள் வேறு இரு தரப்பாரையும் விரட்டி விரட்டிக் கொட்டின. மறுநாள் எஞ்சியவர்கள் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் கரையிலேயே போட்டுவிட்டுக் கப்பலேறினார்கள்.

தோல்விக்குப் பழி யார்மேல்? பாளையங்கோட்டைப் படை சிதறி ஓடியது என்று எழுதினார்கள். உண்மைதான், ஓடினார்கள். வேறு படைகளும் ஓடின. ஆனால் வேவு பார்க்காமல் இறக்கிவிட்டவரைப் பற்றியும், வருவதை முன்கூட்டியே ஜெர்மானியருக்குத் தெரியப்படுத்தியதைப் பற்றியும், சரியான பயிற்சியும் ஆயுதமும் இல்லாமல் அனுப்பியதைப் பற்றியும் சற்று மெல்லிய குரலில்தான் பேசினார்கள். அதற்கு வெகு காலம் முன்பே தென்னாட்டான் சண்டைக்கு ஆகாதவன் என்று ஓர் அபிப்பிராயம் பரவியிருந்தது. 1881 முதல் 1885 வரை சென்னையில் சேனாதிபதியாக இருந்த ராபர்ட்ஸ் துரை அந்த எண்ணத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். வடக்கே வீர ஜாதி, தெற்கே வீரமில்லாத ஜாதி என்று பிரித்தார்கள். முதல் யுத்தம் முடிந்த பத்து வருஷத்துக்குள் சென்னைக் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்தும்விட்டார்கள். அடுத்த உலக யுத்தம் வந்து ஆள் தட்டுப்பாடு ஏற்பட்டதும் 1941-ல் மறுபடி மதராஸ் ரெஜிமெண்டை எழுப்பினார்கள். அது இன்றும் இருக்கிறது. ஆகாதவர்கள் என்று இன்று எவரும் சொல்வதில்லை.

என் கையிலிருந்த பதக்கத்துக்கு உரியவர் தாங்காவில் இருந்தாரா? அதை இந்த வெள்ளி சொல்லாது. அங்கே நிற்கவோ ஓடவோ செய்தவருக்கும் இதே வெள்ளி. அதற்கு இரண்டு வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தவருக்கும் இதே வெள்ளி. சொல்லக்கூடியது வேறொரு பதக்கம். 1915 டிசம்பர் முடிவதற்குள் போர்முனைக்குப் போனவர்களுக்கு, குறுக்கே இரண்டு வாள்கள் வைத்த வெண்கல நட்சத்திரம் ஒன்று கொடுத்தார்கள். அதற்குப் பின்புறத்தில் பெயர் இருக்கும். நட்சத்திரம், வெள்ளிப் பதக்கம், சிறகு முளைத்த வெற்றித் தேவதை உள்ள வெண்கலப் பதக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் ஆள் ஆரம்பத்திலேயே போனவர். நட்சத்திரம் இல்லாமல் இரண்டு மட்டுமானால் 1916-லோ பிறகோ போனவர். ஒரு மனிதனின் யுத்தகாலக் கதையை இப்படித்தான் உலோகத்திலிருந்து படிக்கிறார்கள். ஒரு பதக்கத்தை மட்டும் பிரித்து விற்றால், கதையிலிருந்து ஓர் அத்தியாயத்தைக் கிழித்ததுபோல் ஆகிறது.

இந்தியாவிலிருந்து அந்த யுத்தத்தில் சேவை செய்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். மாண்டவர்கள் ஏறக்குறைய 74,000. மாண்டவர் குடும்பத்துக்கு உள்ளங்கையைவிடப் பெரிதாக ஒரு வெண்கலத் தகடு வந்தது. அதில் பதவியைப் போடாமல் பெயரை மட்டும் பொறித்தார்கள். சாவில் ஜெனரலும் சிப்பாயும் ஒன்று என்ற கருத்து. திரும்பி வந்தவர்களைப் பற்றி? பஞ்சாபில் சேர்ந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஊர்வாரியான பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்ததால், 2021-ல் அவற்றை எவரும் தேடிப் பார்க்கும்படி வெளியிடத் தொடங்கினார்கள். லண்டனில் டாக்சி ஓட்டும் பஞ்சாபி தன் கொள்ளுத் தாத்தாவைக் கண்டுபிடித்துவிடுகிறார். நம் பக்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு அத்தகைய பதிவேடு கைக்கெட்டவில்லை. அவர்களுக்குப் பதிவேடு என்று ஏதாவது இருந்தால் அது அந்த விளிம்புதான்.

* * *

உலைக்குப் போனது பதக்கங்கள் மட்டுமல்ல. ஆயுதங்களும் போயின. அதில் நம்மவர் குற்றமும் உண்டு, துரைமார் குற்றமும் உண்டு.

1801-ல் மருது சகோதரர்களின் போராட்டம் அடக்கப்பட்டதும், பாளையக்காரர் சீமைகளில் மக்கள் ஆயுதங்களை ஒப்படைத்துவிட வேண்டும் என்று எட்வர்டு கிளைவ் பிரகடனம் செய்தார். வேலும் ஈட்டியும் வளரியும் வீடுகளிலிருந்து வெளியேறின. எஞ்சியவற்றில் மிகப் பெரிய சேகரம் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலை. 1855-ல் தஞ்சையின் கடைசி மன்னர் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் ராஜ்யம் போயிற்று. 1860-களில் ஆயுதசாலையைக் கலைத்தார்கள். நாயக்கர் காலத்துக் கட்டாரிகள், தந்தப் பிடி வைத்த வாள்கள், யானை அங்குசங்கள் எல்லாம் அதிலிருந்தன. சென்னை அருங்காட்சியகத்துக்கு என்று ஒரு பங்கைப் பொறுக்கி எடுத்தபின், மற்றவற்றை உடைத்துப் பழைய உலோகமாக எடைக்குப் போட்டுவிட்டார்கள். மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த வால்ஹவுஸ் என்பவர் இதை 1878-ல் ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகையில் எழுதி வைத்திருக்கிறார். பொறுக்கி எடுத்ததே எழும்பூரில் நம்மை வாய் பிளக்க வைக்கிறது. பொறுக்காமல் விட்டது எதுவோ!

சேலத்துக்காரருக்கு இதில் தனியான துக்கம் இருக்க நியாயமுண்டு. மேற்கே நிற்கிறதே கஞ்சமலை, அதன் இரும்புக் கல்லை உருக்கி இந்தச் சீமையில் செய்த எஃகு உலகப் பிரசித்தி பெற்றது. மண் மூசைக்குள் இரும்புத் துண்டைப் போட்டு, கூடவே ஆவாரங்குச்சியைச் சேர்த்து, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து உலையில் வைப்பார்கள். உடைத்தால் உள்ளே ஒரு குண்டு எஃகு இருக்கும். இந்த நாட்டு எஃகின் ரகசியம் என்ன என்று 1819-ல் மைக்கேல் பாரடேயே லண்டனில் உட்கார்ந்து ஆராய்ந்தார். மின்சார விஞ்ஞானி என்று நாம் படித்த அதே பாரடே. நல்ல கைகளில் இப்படிப்பட்ட எஃகு வாளாகும்போது அதன் உடம்பில் நீரலைபோல வரி ஓடும். ஆக, மூசையில் பிறந்த வாள் கடைசியில் மூசைக்கே திரும்பியிருக்கிறது.

பழைய வாள் ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் கிடைத்தால் முதலில் செய்ய வேண்டிய காரியம், ஒன்றும் செய்யாமல் இருப்பது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால் அந்த நீரலை வரியும் போகும், கொல்லன் அடித்த முத்திரையும் போகும். லேசாக எண்ணெய் தடவினால் போதும். தமிழ்நாட்டுக் கட்டாரி என்று நினைத்து எடுப்பீர்கள். அலகு ஐரோப்பாவில் அடித்ததாக இருக்கும். தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில் கப்பலில் வந்த பரங்கி வாளை வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். பிடி நம்முடையது, அலகு அவர்களுடையது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சரித்திரம் அப்படித்தான் ஒட்டுப் போட்டுக்கொண்டு நடக்கிறது.

பதக்கமானாலும் அதே விதிதான். புளி போட்டுத் துலக்காதீர்கள். போலிகள் ஏராளம். அசலை மண்ணில் பதித்து வார்த்த போலி, சூடு ஆறும்போது சுருங்குவதால் குறுக்களவில் ஒரு மயிரிழை குறையும். ராஜாவின் தாடி மொழுக்கென்று இருக்கும். விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடு தெரியும். விளிம்பை அராவிப் பழைய பெயரை அழித்துவிட்டு, விலை போகும் படைப்பிரிவின் பெயரைப் புதிதாக வெட்டிக் கொடுப்பவர்களும் உண்டு. அப்போது விளிம்பு ஒரு பக்கம் மெலிந்திருக்கும். எழுத்து அச்சில் அடித்ததா, உளியால் கீறியதா என்று பாருங்கள். பதக்கத்தோடு கிழிந்த ரிப்பனோ, பென்ஷன் காகிதமோ இருந்தால் பிரிக்காமல் வையுங்கள். 100 வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது என்பதையும், வாளுக்கு ஆயுதச் சட்டம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

* * *

இத்தனையும் பெரியவரிடம் நான் சொல்லவில்லை. பாதி சொன்னேன். அவர் துருத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"யாருங்க இதைக் கொண்டாந்தது?" என்றேன்.

"கேக்கலீங்க. பழைய வெள்ளி கொண்டாறவங்ககிட்ட ஏன் விக்கறீங்கன்னு நாங்க கேக்கறதில்லை. அவங்க கஷ்டம் அவங்களுக்கு. கேட்டா முகம் வாடிப்போயிருமுங்க. எடை போடுவோம், மாத்துப் பாப்போம், பணத்தைக் குடுப்போம். எங்கப்பா காலத்திலிருந்தே அப்படித்தான்."

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. விளிம்பைப் படியுங்கள் என்று உபதேசம் செய்ய வந்தவன் நான். கேட்காமல் இருப்பதும் ஒரு மரியாதை என்று அவர் சொல்கிறார். பேத்தி கல்யாணத்துக்கோ, பிள்ளையின் காலேஜ் சம்பளத்துக்கோ, ஆஸ்பத்திரிச் செலவுக்கோ விற்றவரைப் பார்த்து, நீ சரித்திரத்தை விற்றுவிட்டாய் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி விலை அவுன்ஸுக்கு ஏறக்குறைய 50 டாலர் வரை ஏறியபோது, பதக்கம் கொடுத்த இங்கிலாந்திலேயே இதே பதக்கங்களை ஏராளமாக உருக்கித் தள்ளினார்கள். பசியில்லாதவர்களே செய்த காரியம் அது. 2025-ல் வெள்ளி அந்த விலையையும் தாண்டிவிட்டது. செவ்வாய்ப்பேட்டை உலைகள் மட்டும் எப்படிச் சும்மா இருக்கும்?

அதோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் தாத்தாவும் அந்த யுத்தத்துக்குப் போனவர். 'பஸ்ராவுக்குப் போனவர்' என்று ஊரில் அவருக்குப் பேர். அவருடைய பதக்கத்தை நான் பார்த்ததில்லை. நான் பிறந்ததும் அதை அழித்து எனக்கு அரைஞாண் செய்து போட்டதாகப் பாட்டி பெருமையோடு சொல்வாள். "சீமை வெள்ளி, கறுக்கவே கறுக்காது" என்பாள். அரைஞாண் எனக்குச் சின்னதாகிப்போனதும் அடகுக்குப் போயிற்று, பிறகு திரும்பவில்லை. தாத்தா எந்தப் படை, என்ன எண், சிப்பாயா, சுமைதூக்கியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊரார் வீட்டுப் பதக்கங்களின் விளிம்பை எல்லாம் நான் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பது எதனால் என்று வாசகர்கள் இப்போது ஊகித்துக்கொள்ளலாம்.

"வெள்ளி விலையைக் கொடுத்துவிடுகிறேன். எனக்குத் தாருங்கள்" என்றேன்.

பெரியவர் சற்று யோசித்தார். பிறகு என் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி விளிம்பைப் பார்த்தார். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். ஆனாலும் வெகு நேரம் பார்த்தார்.

"பேரு இருக்குன்னு சொல்லிட்டீங்களே. இனிமே எப்படிங்க விக்கறது?" என்றார். "ஒரு மாசம் வெச்சிருக்கறேன். கொண்டாந்தவங்க வந்தா சொல்றேன். வராட்டி நீங்க எடுத்துக்குங்க. இந்தக் கண்ணாடியையும் விட்டுட்டுப் போங்க."

விட்டுவிட்டு வந்தேன். கொலுசை வாங்க மறந்துவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து மறுபடி போனபோது பதக்கம் அங்கே இல்லை. கொண்டுவந்தவன் ஒரு வாலிபன். மீண்டும் வந்தானாம். செம்பு, பித்தளை எடுப்பீர்களா என்று கேட்டு ஒரு வெண்கலச் சாமானை நீட்டினானாம். குறுக்கே இரண்டு வாள் வைத்த நட்சத்திரம்! பெரியவர் தம் வாழ்நாளில் முதல் முறையாக, "இது யாருதுப்பா?" என்று கேட்டுவிட்டார். தெரியவில்லை, பாட்டியின் பெட்டியில் கிடந்தது என்றான். கண்ணாடியைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். வாலிபன் நட்சத்திரத்தின் முதுகைப் படித்தான். பிறகு வெள்ளியின் விளிம்பைப் படித்தான். இரண்டிலும் ஒரே எண், ஒரே பெயர். நடுவில் முழுங்கிய எழுத்தைச் சேர்த்து அவன் சத்தமாகச் சொன்னபோது, அது அவனுடைய அப்பாவுக்கு வைத்திருந்த பெயராகவே இருந்ததாம். கொள்ளுத் தாத்தா பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்; யார் பெயர் என்று மட்டும் வீட்டில் மறந்துவிட்டார்கள்.

அந்த மனிதர் 1915 முடிவதற்குள் கடல் கடந்தவர் என்பதை நட்சத்திரம் சொல்லிவிட்டது. தாங்காக் கரையில் இறங்கியவராகவே இருக்கலாம். ஓடியிருக்கலாம், நின்றிருக்கலாம். எதுவானாலும் திரும்பி வந்து, பிள்ளை பெற்று, பெயரை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"பதக்கத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டானுங்க. பணத்தைக் கொஞ்சங் கொஞ்சமாத் தர்றேன்னான்" என்றார் பெரியவர்.

"தந்தானா?"

"இன்னும் இல்லீங்க. தருவான். வெள்ளிதான் தெனம் ஏறிக்கிட்டே இருக்குது" என்று சிரித்துவிட்டு, மூசையை இடுக்கியால் பிடித்து உலையில் வைத்தார்.

பூதக்கண்ணாடியை நான் திருப்பிக் கேட்கவில்லை. அது அங்கேயே, தராசுக்குப் பக்கத்தில் இருக்கிறது.